சர்வரின் முகவரியைப் பிடித்துத் தரும் நான்கு வரிகள்: விண்டோஸ் பேட்ச் கோப்பு பற்றிய ஒரு மதிப்பீடு

விண்டோஸ் கணினி வாங்கும் எவருக்கும் அதனுடன் விலையில்லாமல் வந்து சேரும் ஒரு பொருளுக்கு மதிப்பீடு எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கறுப்புத் திரையாகத் திறக்கும் கட்டளைச் சாளரத்தையும், அதில் இயங்கும் பேட்ச் கோப்புகளையும் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து ஒரே சொடுக்கில் ஓட்டும் கோப்புகள்) மூன்று ஆண்டுகளாக ஒரே ஒரு வேலைக்காக நான் பயன்படுத்தி வருகிறேன். தமிழக-கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையிலும் புளியரையிலும் உள்ள சில மரக்கடைகள், ஓர் அறுவை மில், ஒரு லாரி செட் ஆகியவற்றின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். அங்கே சர்வராக வைக்கப்பட்டிருக்கும் கணினியின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, தேடிப் பிடித்து, பில் போடும் மற்றக் கணினிகளுக்குத் தெரிவிப்பதுதான் அந்த வேலை. இதற்குப் பேட்ச் கோப்பு போதுமா, போதுமென்றால் அதற்குள்ளிருந்து அழைக்கக்கூடிய கருவிகளில் எதை நம்பலாம் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தேவை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால், கணவாய் வழியாக வரும் காற்றுக்கு மரக்கிளைகள் மின்கம்பியில் சாய்வதும், ஒரே நாளில் பலமுறை கரண்ட் போய் வருவதும் வழக்கம். கரண்ட் வந்ததும் முதலில் விழித்துக்கொள்வது ரவுட்டர். மலிவு விலை ரவுட்டர்களில் பல, எந்தக் கருவிக்கு எந்த முகவரியைக் கொடுத்தோம் என்ற கணக்கை அணைந்த நொடியிலேயே மறந்துவிடுகின்றன. சர்வர் கணினி மெதுவாக எழுந்து வந்து தன் முகவரியைக் கேட்பதற்குள், பேட்டரியில் உயிரோடிருக்கும் கடைப் பையன்களின் கைபேசிகள் வைஃபை வழியாக முந்திக்கொள்கின்றன. காலையில் 192.168.1.10 ஆக இருந்த சர்வர், மதியம் 192.168.1.14 ஆகிவிடும். பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும் பில்லிங் கணினி, சர்வரைக் காணவில்லை என்று நின்றுவிடும். 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்க இ-வே பில் வேண்டும் என்பதால், பில் வராமல் லாரி புளியரையைத் தாண்ட முடியாது. "தம்பி, லோடு ஏத்தியாச்சு, பில்லு மட்டும் வரல" என்று கடை அண்ணாச்சி அழைக்கும்போது, நான் எங்காவது வேறொரு மேசைக்கு அடியில் கேபிளைத் தேடிக்கொண்டிருப்பேன்.

சர்வருக்கு நிலையான முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால் இத்தனை பாடும் எதற்கு என்று விவரம் அறிந்தவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, நானும் ரவுட்டரில் சர்வரின் மேக் எண்ணை (நெட்வொர்க் அட்டைக்கென உள்ள அடையாள எண்) பதிந்து, அதற்கென ஒரு முகவரியை ஒதுக்கித்தான் வைக்கிறேன். ஆனால் இடி மின்னலில் ரவுட்டர் எரிந்து, இணைய இணைப்பு கொடுத்தவர்கள் வேறொன்றை மாட்டிவிட்டுப் போனால், 192.168.1 என்ற வரிசையே 192.168.0 என்று மாறிவிடுகிறது. ஒதுக்கீடும் பழைய ரவுட்டரோடு போய்விடுகிறது. சர்வரிலேயே எண்ணைப் பதித்து வைத்திருந்தாலோ நிலைமை இன்னும் மோசம், அது புதிய வரிசையில் எவரோடும் பேச முடியாமல் தனித்து நிற்கும். போதாக்குறைக்கு, எங்கள் கடைகளில் உள்ள பில்லிங் மென்பொருளின் அமைப்புக் கோப்பு கணினியின் பெயரை ஏற்பதில்லை. புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்களை மட்டுமே ஏற்கிறது. ஆகவே பெயரைக் கொடுத்து எண்ணைப் பெறும் வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும்.

அந்த வேலையை ஏற்றுக்கொண்டது பேட்ச் கோப்பு. 1981-இல் எம்எஸ்-டாஸ் காலத்திலேயே பிறந்துவிட்ட இந்த வடிவம், 1993-இல் விண்டோஸ் என்டி வெளிவந்தபோது புதிய கட்டளை இயக்கியின் கைக்கு மாறியது. நம் வேலைக்கு வேண்டிய உயிர்நாடி, ஃபார் என்ற கட்டளையின் எஃப் என்ற விருப்பம். இன்னொரு கட்டளை திரையில் அச்சிடும் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நாம் சொல்லும் குறியில் வெட்டி, நாம் கேட்கும் துண்டை மட்டும் கையில் கொடுப்பது அதன் பணி. எந்தக் குறியில் வெட்டுவது என்பதை டெலிம்ஸ் என்ற சொல்லாலும், எத்தனையாவது துண்டு வேண்டும் என்பதை டோக்கன்ஸ் என்ற சொல்லாலும் குறிப்பிடுகிறோம். அறுவை மில்லில் தடியை வைத்து, எங்கே அறுக்க வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போடுவது போலத்தான். கோடு தவறினால் தடி வீணாகும். அறுவை வாளைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான் முதலில் கையிலெடுத்த தடி ஐபிகான்ஃபிக். இது தான் இயங்கும் கணினியின் முகவரியைச் சொல்லும் கருவி. எனவே சர்வரிலேயே ஒரு பேட்ச் கோப்பை ஓடவிட்டு, கிடைத்த முகவரியைப் பொதுக் கோப்புறை ஒன்றில் எழுதி வைக்கலாம் என்று எண்ணினேன். அந்தப் பொதுக் கோப்புறையை மற்றக் கணினிகள் எந்த முகவரியில் போய்த் திறக்கும் என்ற கேள்வி எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உதித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை விட்டாலும், ஐபிகான்ஃபிக் தரும் பதில் மனிதர் படிப்பதற்காக அழகுபடுத்தப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஐபி முகவரி என்று மட்டும் இருந்த வரி, விஸ்டாவிலிருந்து ஐபிவி4 முகவரி என்று மாறிவிட்டது. முக்காற்புள்ளியில் வெட்டினால், எண்ணுக்கு முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பில்லிங் மென்பொருள் ஏற்காது. எல்லாவற்றிலும் பெரிய இடையூறு, ஒரே கணினியில் கேபிள் இணைப்பு, வைஃபை, மெய்நிகர் இணைப்பு என்று பல அட்டைகள் இருப்பதுதான். சோதனைக்காக ஒரு சர்வரில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி வைத்திருந்தேன். அது தனக்கென வைத்துக்கொள்ளும் 192.168.56.1 என்ற முகவரியை என் கோப்பு கடமையுணர்ச்சியோடு பிடித்து வந்து கொடுத்தது. கேபிள் கழன்று கிடந்த இன்னொரு நாளில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தது. ரவுட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காதபோது விண்டோஸ் தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. நம் கணினிக்கு நெட்வொர்க்கே இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் பேட்ச் கோப்புக்கு எல்லா எண்ணும் எண்தான்.

அடுத்து என்எஸ்லுக்கப். பெயரைக் கொடுத்தால் முகவரி தருவதே இதன் பிறவித் தொழில் என்பதால், இதுவே சரியான கருவி என்று நம்பினேன், அந்த நம்பிக்கையில் ஒரு முற்பகலை இழந்தேன். என்எஸ்லுக்கப் தன் பதிலை எழுதத் தொடங்கும்போது, தான் யாரிடம் கேட்டது என்பதை முதலில் சொல்கிறது: சர்வர் என்று ஒரு வரி, முகவரி என்று ஒரு வரி. அந்த இரண்டும் பெயர்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வரைப் பற்றியவை; நாம் கேட்ட கணினியின் பெயரும் முகவரியும் அதற்குப் பின்னரே வரும். முகவரி என்ற சொல் உள்ள வரியை எடுத்துக்கொள் என்று மட்டும் எழுதியிருந்த என் கோப்பு, கேட்ட பெயர் கிடைக்காத சமயத்தில் அந்த முதல் முகவரியையே விடையாக எடுத்துக்கொண்டது. பெயர் கிடைக்கவில்லை என்ற செய்தியைப் பிழைகளுக்குரிய தனி வழியாக என்எஸ்லுக்கப் வெளியிடுவதால், அது என் வலையில் விழவேயில்லை. விளைவாக, மூன்று பில்லிங் கணினிகளும் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1-இல் போய்ச் சர்வரைத் தேடின. ரவுட்டர் பில் போடாது. அன்றைக்கு ஏற்றிய தேக்கு லோடு சாயங்காலம்தான் கிளம்பியது. குற்றம் முழுக்க என்னுடையது.

அந்தக் கோளாற்றைத் திருத்திய பிறகும் என்எஸ்லுக்கப் எங்கள் கடைகளுக்குப் பொருந்தவில்லை; அதற்கான காரணம்தான் இந்த மதிப்பீட்டின் மையம். என்எஸ்லுக்கப் டிஎன்எஸ் சர்வரிடம் மட்டுமே கேட்கும். பெயர்களையும் அவற்றின் முகவரிகளையும் கையால் எழுதி வைக்க ஒவ்வொரு கணினியிலும் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பை அது பார்ப்பதில்லை. பக்கத்துக் கணினிகளைக் கூவி அழைத்து இந்தப் பெயர் யாருடையது என்று விசாரிப்பதும் இல்லை. பெரிய அலுவலகங்களில் தனி டிஎன்எஸ் சர்வர் இருக்கும், அங்கே இது குறையாகத் தெரியாது. நான்கு கணினியும் ஒரு சுவிட்சும் உள்ள மரக்கடையில் அப்படி ஒன்று கிடையாது. அங்கே விண்டோஸ், முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் டிஎன்எஸ்-ஐயும் பார்த்துவிட்டு, பிறகு எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் போன்ற வழிகளில் கடை முழுவதும் குரல் கொடுத்து, அந்தப் பெயருக்குரிய கணினி கையை உயர்த்தும்போது முகவரியைத் தெரிந்துகொள்கிறது. விண்டோஸுக்குத் தெரிந்த கணினி என்எஸ்லுக்கப்புக்குத் தெரியாமல் போவது இப்படித்தான்.

பெயர் ஒன்று, முகவரி வேறொன்று என்பது செங்கோட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டிய சங்கதி அன்று. 1956 நவம்பர் 1 அன்று இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்துக்குப் போனது. ஊர் ஓரடியும் நகரவில்லை, பெயரும் மாறவில்லை. கடிதத்தின் மேல் என்ன எழுத வேண்டும் என்பது மட்டுமே மாறியது. அதை ஊர்க்காரரிடம் கேட்டால் தெரியும், பழைய பதிவேட்டைப் புரட்டினால் தெரியாது.

ஊர்க்காரரிடம் கேட்கும் அந்தக் கருவிதான் பிங். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்க நிரலாளர், நெட்வொர்க் கோளாறு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்காக எழுதியது. நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் முறையிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. எதிரொலியைக் கேட்பது அதன் வேலை, முகவரியைச் சொல்வது அன்று. ஆயினும் ஒரு பெயரைக் கொடுத்துப் பிங்கை ஓடவிட்டால், அது விண்டோஸின் வழக்கமான எல்லா வழிகளிலும் அந்தப் பெயரைத் தேடி, கிடைத்த முகவரியைத் தன் முதல் வரியிலேயே பகர அடைப்புக்குள் வைத்து எழுதிவிடுகிறது. விண்டோஸில் இயங்கும் மற்ற மென்பொருள்கள் அந்தப் பெயரை எந்த வழியில் தேடுமோ, அதே வழியில் தேடிக் கிடைத்த விடை அது. இதைவிட நம்பகமான சாட்சி எனக்கு அகப்படவில்லை.

அந்தப் பகர அடைப்பின் அருமையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பிங் எழுதும் முதல் வரியில், பெயருக்கு முன்னாலும் முகவரிக்குப் பின்னாலும் உள்ள சொற்கள் விண்டோஸின் மொழிக்கேற்ப மாறும்; ஜெர்மன் விண்டோஸில் வரியே வேறாக இருக்கும். ஆனால் முகவரியைச் சூழ்ந்த பகர அடைப்பு எந்த மொழியிலும் அப்படியே நிற்கிறது. ஆகவே டெலிம்ஸுக்கு எதிரே [ ] என்ற இரண்டு குறிகளையும், டோக்கன்ஸுக்கு எதிரே 2 என்ற எண்ணையும் கொடுத்தால் போதும். முதல் துண்டு அடைப்புக்கு முன்னுள்ள சொற்கள். இரண்டாம் துண்டு முகவரி, இடைவெளி எதுவும் ஒட்டாமல் சுத்தமாக வரும். பகர அடைப்பு இல்லாத மற்ற வரிகளில் இரண்டாம் துண்டே இருக்காது என்பதால், ஃபார் கட்டளை அவற்றைத் தானாகவே தாண்டிப் போய்விடும். சர்வரின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் தராதபடி தடுத்திருந்தாலும் கவலையில்லை. பெயர் தெரிந்த அந்த நொடியிலேயே முதல் வரி அச்சாகிவிடும், எதிரொலி வந்தாலும் வராவிட்டாலும் முகவரி நம் கையில்.

பிங்கிடம் இரண்டு நிபந்தனைகள் விதிக்க வேண்டும். ஒன்று, -n என்ற விருப்பத்துக்கு 1 என்று கொடுத்து, ஒரே முறை அழைத்தால் போதும் என்று சொல்வது. சொல்லாவிட்டால் வழக்கப்படி நான்கு முறை அழைத்து, பதில் வராத சர்வருக்காகப் பில் போடுபவரைக் காக்க வைக்கும். மற்றொன்று, -4 என்ற விருப்பம். இது இல்லாமல் கேட்டால், எஃப்இ80 என்று தொடங்கி முக்காற்புள்ளிகளாக நீளும் ஐபிவி6 முகவரியை விண்டோஸ் விரும்பிக் கொடுக்கக்கூடும். நான்கு எண்களை மட்டுமே அறிந்த நம் பில்லிங் மென்பொருள் அதைப் பார்த்துத் திகைத்து நிற்கும்.

முழுக் கோப்பும் நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. முதல் வரி, முகவரியைத் தாங்கப்போகும் மாறியைக் காலியாக்குகிறது. இரண்டாவது, மேலே சொன்ன ஃபார் வரி. மூன்றாவது, மாறி இன்னும் காலியாகவே இருந்தால் செய்தி சொல்லிவிட்டு நிறுத்துகிறது. நான்காவது, முகவரியை அமைப்புக் கோப்பில் எழுதுகிறது; அந்தக் கோப்பு ஒற்றை வரியாக இருந்தது என் நல்ல காலம். முதல் வரியை வீண் என்று எண்ணி நீக்கிவிட வேண்டாம். பெயர் கிடைக்காதபோது ஃபார் கட்டளை தன் உடலை ஒருமுறைகூட இயக்காது. எனவே மாறியில் முன்பு என்ன இருந்ததோ அதுவே நீடிக்கும். கட்டளைச் சாளரத்தை மூடாமல் அதே கோப்பை மறுபடி ஓட்டுபவருக்குப் பழைய முகவரி புதிய முகவரியாகக் காட்சி தரும். விடை வராததும் தவறான விடை வருவதும் ஒன்றன்று. இரண்டாவதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும்.

இனி இந்தப் பொருளின் குணக்கேடுகளைப் பற்றி. பேட்ச் மொழி தன்னை எழுதுபவரிடம் பரிவு காட்டுவதில்லை. சமக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டுவிட்டால், அந்த இடைவெளியும் மாறியின் பெயரில் சேர்ந்துவிடும். பிறகு இடைவெளி இல்லாத பெயரில் தேடினால் ஒன்றும் இருக்காது. ஃபார் கட்டளையின் எழுத்துக்கு முன்னால், நேரடியாகத் தட்டச்சு செய்யும்போது ஒரு விழுக்காட்டுக் குறியும், கோப்புக்குள் எழுதும்போது இரண்டும் போட வேண்டும். திரையில் சோதித்து வெற்றி பெற்ற வரியைக் கோப்பில் ஒட்டியவுடன் அது படுத்துவிடுவதற்கு, பத்துக்கு ஒன்பது முறை இதுவே காரணம். ஃபாருக்குள் | என்ற நிமிர்ந்த கோட்டைப் பயன்படுத்தி இரண்டு கட்டளைகளைக் கோத்தால், அந்தக் கோட்டுக்கு முன்னால் கூரை போன்ற ^ குறியைச் சேர்க்க வேண்டும். அடைப்புக்குள் எழுதிய பல வரிகளில் ஒரு மாறிக்குப் புதிய மதிப்புக் கொடுத்து, அதே அடைப்புக்குள் படித்தால் பழைய மதிப்பே வரும். ஏனெனில் கட்டளை இயக்கி அடைப்பு முழுவதையும் முதலில் படித்து, விழுக்காட்டுக் குறிகளை அப்போதே நிரப்பிவிடுகிறது. அதைத் தவிர்க்கத் தாமத விரிவாக்கத்தை இயக்கி, விழுக்காட்டுக் குறிக்குப் பதில் வியப்புக்குறி போட வேண்டும். இவற்றில் சிலவற்றுக்குப் பிழைச் செய்தியே கிடையாது என்பதே என் பெரிய மனத்தாங்கல்.

இந்த வரிசையில் எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முதல் கோப்பை முகப்புத் திரையில் பிங் என்ற பெயரிலேயே சேமித்தேன். கட்டளை இயக்கி, பெயர் ஒன்றைக் கண்டால் முதலில் தான் நிற்கும் கோப்புறையில் தேடிவிட்டுத்தான் விண்டோஸின் கோப்புறைக்குப் போகும். ஆகவே என் கோப்புக்குள் இருந்த பிங், விண்டோஸின் பிங்கை அழைக்காமல் என் கோப்பையே அழைத்தது. அது மறுபடி தன்னை அழைத்தது. கணினியின் விசிறி லாரி எஞ்சின் போலச் சத்தமிட்ட பிறகுதான் மின்பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். கோப்பின் பெயரை அன்றே மாற்றிவிட்டேன்.

பிங்கிடம் முகவரியைக் கேட்கலாம். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும்போது மட்டும் கவனம் தேவை. வெற்றி தோல்வியைத் தெரிவிக்கும் எரர்லெவல் என்ற எண்ணைப் பார்த்து முடிவு செய்பவர்கள் ஏமாறுவார்கள். சென்றடைய முடியவில்லை என்று நம் கணினியோ ரவுட்டரோ திருப்பி அனுப்பும் செய்தியையும் பிங் ஒரு பதிலாகக் கணக்கிட்டு, வெற்றி என்று 0 கொடுத்துவிடுகிறது. உண்மையான பதிலில் மட்டுமே டிடிஎல் என்ற மூன்றெழுத்தும் அதையடுத்துச் சமக்குறியும் இருக்கும் என்பதால், நான் அந்த எழுத்துகளைத் தேடிப் பார்த்தே முடிவு செய்கிறேன். அதுவும் கணினி விழித்திருப்பதற்கே சான்று. அதில் உள்ள தரவுத்தளம் ஓடுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள 1433 அல்லது 3306 போன்ற எண்ணுள்ள வாசலை (போர்ட்) தட்டிப் பார்க்க வேண்டும். பேட்ச் மொழியில் அதற்கு வழியில்லை.

சர்வர் கிடைக்கவில்லை என்ற செய்தியைத் தமிழில் காட்ட நான் பட்ட பாடு தனிக்கதை. எழுத்துக் குறியீட்டை யூனிகோடுக்குரிய 65001-க்கு மாற்றினாலும், பழைய கட்டளைச் சாளரத்தின் எழுத்துருவில் தமிழ் இல்லாததால் வரிசையாகக் கட்டங்களே தெரிந்தன. கடைசியில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைத்தேன். அதே கோப்பு கேரளத்தில் உள்ள புனலூர்க் கிளைக்கும் போயிற்று. அங்கே கணக்கெழுதும் பெண் மலையாளி. திரையைப் படித்துவிட்டு, "சேட்டா, சர்வர் கிட்டியில்லா" என்று தொலைபேசியில் சொன்னபோது, மொழிபெயர்ப்புத் தேவைப்படாத பிழைச் செய்தி ஒன்றை எழுதிவிட்ட நிறைவு எனக்கு ஏற்பட்டது.

புனலூர்க் கிளை இணையம் வழியாகச் செங்கோட்டைச் சர்வரை அடைய வேண்டியிருந்ததால், அங்கே வேறொரு முகவரி தேவைப்பட்டது: ரவுட்டருக்கு வெளியே உலகம் பார்க்கும் பொது முகவரி. இங்கே நான் ஒதுக்கிவைத்த என்எஸ்லுக்கப் திரும்பி வந்து தன் மதிப்பைக் காட்டியது. யாரிடம் கேட்க வேண்டும் என்று நாமே சொல்ல அது இடம் தருவதால், ஓப்பன்டிஎன்எஸ் என்ற பொது டிஎன்எஸ் சேவை நடத்தும் சர்வரிடம், என் ஐபி என்ன என்பதற்கென்றே அவர்கள் வைத்திருக்கும் பெயரைக் கேட்டால், கேட்டவருடைய பொது முகவரியையே பதிலாகத் தருகிறது. விண்டோஸ் 10-இல் 2018 முதல் உடன் வரும், இணையத்திலிருந்து தகவலை எடுத்துத் தரும் கர்ல் கருவியைக் கொண்டு ஒரே வரியில் பெறுவது இதைவிட எளிது. ஆனால் முகவரியைப் பெற்றுவிட்டதாலேயே வழி திறந்துவிடாது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், இணைப்பு கொடுத்த நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து உள்ளே வர வாசல் கிடையாது. எங்களுக்கும் அதுவே நேர்ந்தது, நிலையான பொது முகவரிக்குத் தனியே பணம் கட்டினோம்.

விண்டோஸின் புதிய கட்டளை மொழியான பவர்ஷெல் இருக்கும்போது இத்தனை வெட்டும் ஒட்டும் ஏன் என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 2006-இல் வந்த பவர்ஷெல் இந்த வேலைக்கு எல்லா வகையிலும் மேலானது. அது எழுத்துகளை வெட்டித் துண்டு பொறுக்குவதில்லை. முகவரியை முகவரியாகவே கேட்டுப் பெறுகிறது, வாசலைத் தட்டிப் பார்க்கவும் அதற்குத் தெரியும். ஆனால் எங்கள் அறுவை மில்லில் தூசுக்கு நடுவே இன்னும் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருக்கிறது. பவர்ஷெல்லின் நல்ல நெட்வொர்க் கட்டளைகள் விண்டோஸ் 8 முதல் வந்தவை. புதிய கணினிகளிலும், பவர்ஷெல் கோப்பை இருமுறை சொடுக்கினால் அது ஓடாமல் நோட்பேடில் திறக்கும். ஓட அனுமதி தரும் கொள்கையை மாற்ற வேண்டும். பில் போடுபவருக்குத் தேவை, சொடுக்கினால் ஓடும் ஒரு சின்னம். இணையத்தில் கிடைக்கும் பழைய பேட்ச் கோப்புகள் பல, கணினியின் விவரங்களைக் கேட்டுச் சொல்லும் டபிள்யூஎம்ஐசி என்ற கருவியை நம்பியிருக்கின்றன. 2021 முதல் கைவிடப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கும் அதை இனிப் புதிதாக எவரும் பயன்படுத்த வேண்டாம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், பேட்ச் மொழிக்கு இரண்டரையும், பிங்கின் பகர அடைப்புக்கு ஐந்தும் கொடுப்பேன். தனி டிஎன்எஸ் சர்வர் இல்லாத, பத்துக்குக் குறைவான கணினிகள் உள்ள கடை என்றால் இந்த நான்கு வரிகளைத் தயங்காமல் எழுதிக்கொள்ளலாம். சர்வருக்குப் பெயர் வைக்கும்போது 15 எழுத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். நெட்பயாஸ் அதற்கு மேல் வெட்டிவிடும். ரவுட்டர் மாறிய பிறகு பெயரே கிடைக்கவில்லையென்றால், பேட்ச் கோப்பைத் திருத்தத் தொடங்குவதற்கு முன் சர்வரின் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து பாருங்கள். புதிய ரவுட்டரைப் புதிய ஊராகக் கருதும் விண்டோஸ், அதைப் பொது நெட்வொர்க் என்று பதிந்துகொண்டு, பக்கத்துக் கணினிகளின் கூவலுக்குக் காதை மூடிக்கொண்டிருக்கும். தனியார் நெட்வொர்க் என்று மாற்றிவிட்டுச் சின்னத்தை மறுபடி சொடுக்கினால் முகவரி வந்துவிடும்.